கமலநாயகியின் வெள்ளிக்கிழமைகள்

டுசல்டோர்ஃபில் ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு, ஜேர்மன்காரர் தங்கள் ஆராதனையை முடித்து, கேக் சாப்பிட்டு, மண்டபத்தைக் காலி செய்த பிறகு நம்மவர்களின் சபை கூடும். பாட்டு, ஜெபம், அதற்குப் பின் சாட்சி நேரம். கர்த்தர் யாருக்கு என்ன செய்தாரோ அவர் எழும்பி மைக்கைப் பிடித்துச் சொல்லவேண்டும். ஒருவருக்கு முதுகுவலி போயிருக்கும், ஒருவருக்கு மருமகளின் விசா வந்திருக்கும். பாட்டு நடத்தும் கமலநாயகியின் சாட்சி மட்டும் எப்போதும் இரண்டு பாகம் கொண்டது.

முதற்பாகம் மகள் தேனுஜா. "என்ர பிள்ளை வெள்ளைக்காரற்ற சேர்ச்சுகளில நிண்டு கர்த்தரைப் பாடுறாள்." இரண்டாம் பாகம் கணவர் உருத்திரமூர்த்தி. "அவர் இன்னும் இருளில இருக்கிறார். ஒவ்வொரு வெள்ளியும் நான் வீட்டுக் கதவைச் சாத்திப்போட்டு அவருக்காக உபவாசமிருந்து மன்றாடுறன்." இந்த இடத்தில் குரல் உடையும். முன்வரிசையில் இருக்கும் பவளம் உடனே தம்பூரினை ஒரு குலுக்குக் குலுக்குவாள். சபை முழுக்க "இரங்கும் ஆண்டவரே" என்று அழும்.

இரண்டும் பொய் என்று சொன்னால் நமக்குத்தான் பாவம். முதலாவது பாதிப் பொய், இரண்டாவது முக்கால்.

தேனுஜா பகலில் காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் கடையில் வேலை செய்கிறாள். பின்னேரங்களில் அவள் சோல் பாடகி; சேர்ச்சுப் பாட்டின் உருக்கத்தில் காதலைப் பாடும் கறுப்பின மக்களின் இசை அது. ஏழு வயதில் சபையில் பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று பாடத் தொடங்கியவள், பத்தொன்பது வயதில் ஆபிரிக்கப் பிள்ளைகளின் கொஸ்பல் என்ற சேர்ச்சுப் பாட்டுக் குழுவில் சேர்ந்தாள், பிறகு சொந்தமாக ஒரு பாண்ட் வைத்துக்கொண்டாள். சபையில் கர்த்தருக்காக ஏங்கிய அதே இழுவையில், அதே உருக்கத்தில், ஒருவன் ரெலிபோன் எடுக்கவில்லை என்று பாடுவாள். கேட்கிறவர்களுக்கு முழங்காலில் நிற்கலாமா, அந்தத் தடியனைத் தேடிப்போய் அடிக்கலாமா என்று விளங்காது. கமலநாயகிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததில் கொஸ்பல் என்ற பகுதியை மட்டும் அவள் சபைக்குக் கொண்டுபோனாள்.

வினை பவளத்தின் கண்ணில் இருந்தது. முதியோர் இல்லச் சமையலறையில் இருபது வருட வேலை, அதனால் ஜேர்மன் அத்துபடி. ரயில் நிலையத்தில் ஒட்டியிருந்த, ஹாகன் நகரத்து நிகழ்ச்சி நோட்டீசை அவள் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சிலுவை வைத்த ஒரு பழைய கோபுரம், அதற்குக் கீழே தேனுஜாவின் முகம், பக்கத்தில் கொஸ்பல் என்ற எழுத்து. அதன் வாலில் நின்ற சோல் என்ற சொல்லை ஆத்துமா என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்ரியன் பாஸ்ரர் அந்த ஞாயிறே அறிவித்தார்: "வாற சனிக்கிழமை பின்னேரம் எல்லாரும் ஹாகனுக்குப் போறம். கமலா சிஸ்ரற்ற பிள்ளையைத் தாங்கவேணும்."

வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? அதிலும் அடுத்த மாதம் சகோதரிகள் ஐக்கியத்தின் பொறுப்பு கமலநாயகிக்கு வரப்போகிறது. பதவி ஆசை என்று மட்டும் எடுக்கவேண்டாம். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், அகதி விடுதியில் பதின்மூன்று மாதம் யாரோடும் வாய் திறக்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவளைப் பேச வைத்தது இந்தச் சபை. அது இல்லையென்றால் அவளுக்கு இந்த நாட்டில் இருப்பது ஒரு கணவர், ஒரு மகள், ஒரு பல்கனி.

சனிக்கிழமை நாலு மணிக்கு முப்பத்துநாலு பேர் ஹாகனில் இறங்கினார்கள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, தட்டுத் தட்டாக மீன் றோல்ஸ், மூன்று தம்பூரின். ஆராதனைக்கு ஆள் வராமல் போய், பத்து வருடத்துக்கு முன்பே கச்சேரி மண்டபமாகிவிட்ட சேர்ச் அது என்று ஒருவருக்கும் தெரியாது. சிலுவையைக் கழற்ற அனுமதி கிடைக்காததால் அது மேலேயே நின்றது. கீழே, ஞானஸ்நானத் தொட்டி இருந்த இடத்தில் ஒரு தாடிக்காரன் பியர் வார்த்துக்கொண்டிருந்தான்.

"கமலா, என்னடி இது, பியரோ?" என்றாள் பவளம்.

"மால்ட்ஸ், பவளக்கா, வெறிக்காதது. பால் குடுக்கிற தாய்மாரும் குடிக்கிறது."

"நுரை அப்பிடித் தெரியேல்லை."

"உள்ளுக்கு வாங்கோ அக்கா, இடம் போயிடும்."

உருத்திரமூர்த்தி வழக்கம்போல உள்ளே வரவில்லை. சகோதரிகளை ஒன்பது இருக்கை வானில் ஏற்றி இறக்குவது அவர் வேலை. வெளியில் நின்று நெற்றியில் திருநீற்றோடு பேப்பர் வாசிப்பது அவர் ஆராதனை. கோடையில் ஊன்ட்றொப்பில் உள்ள காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு அவர் போவார். வேட்டியை மடித்துப் பையில் வைத்துவிடுவது கமலநாயகிதான். அதையும் அவள் சாட்சியில் சொன்னதில்லை.

முதற்பாதி ஆங்கிலமும் ஜேர்மனும். தேனுஜா கறுப்புச் சட்டையோடு வந்து நின்று, கண்ணை மூடி, முதல் அடியை இழுத்ததும் சபை உருகிவிட்டது. இதுவரை அவள் கச்சேரிகளுக்கு வந்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்ட ஜேர்மன்காரர்கள். இவர்களோ தட்டினார்கள், ஆடினார்கள், "ஸ்தோத்திரம்" என்று அலறினார்கள். ட்ரம்ஸ்காரனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பாஸ்ரர் இரண்டு கையையும் உயர்த்த, பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் உயர்த்தினார்.

கமலநாயகி மட்டும் மேடையைப் பார்க்கவில்லை, பவளத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பாட்டில் அந்த முகம் சுருங்கியது.

"கமலா, உன்ர கழுத்தில முகத்தை வைச்சுப் படுக்கவேணும் எண்டெல்லே பாடுறாள்?"

"வேதத்திலயும் கழுத்து இருக்குத்தானே அக்கா."

"இருக்குது. ஆனால் இது ஆற்ற கழுத்து?"

கமலநாயகி பலமாகக் கை தட்டினாள். கடவுளே, இன்னும் இரண்டு பாட்டு, பிறகு இடைவேளை, றோல்ஸ்சை நீட்டினால் வாய் அடையும் என்று கணக்குப் போட்டாள். அடைந்தது. ஆனால் றோல்ஸ் தட்டு இரண்டாவது வரிசைக்குப் போகுமுன் அவள் கைபேசி ஒலித்தது. 'அம்மா, பின்னால வாங்கோ.'

பின்னால் என்பது முன்பு பாதிரியார் அங்கி மாற்றிய அறை. தேனுஜா தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நின்றாள். உடம்பெல்லாம் வேர்வை, முகத்தில் பயம். மகள் மேடைக்குப் பயந்து கமலநாயகி பார்த்ததில்லை.

"அம்மா, அடுத்த பாதியில ஒரு புதுப் பாட்டு இருக்குது. தமிழில."

"தமிழிலயோ! எடியேய், அவ்வளவு பேரும் முன்னால இருக்கினம். கர்த்தற்ற பாட்டுத்தானே?"

"இல்லை. உங்களையும் அப்பாவையும் பற்றி."

"எங்களைப் பற்றி என்ன கிடக்குது பாட?"

"வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பது இதுதான்: உருத்திரமூர்த்திக்கு அன்று பின்னேர வேலை. காலையில் கமலநாயகி அவரைக் குசினிக் கதிரையில் இருத்தி, தோளில் பழைய துவாயைப் போட்டு, பல்லுத் தூரிகையால் மீசைக்கு டை அடிப்பாள். அடித்தபடியே சினிமாப் பாட்டுப் பாடுவாள். பக்திப் பாட்டல்ல. எஞ்சிய நேரத்தில் உண்மையாகவே கொஞ்சம் ஜெபமும் செய்வாள், சோறு அவியும் இடைவெளியில்.

"நீ எப்ப பாத்தனி?"

"போன வருசம் லீவில நிண்டனான். கதவு முழுக்கச் சாத்தேல்லை அம்மா. மீசை, டை எல்லாம் பாட்டில வருது."

"பாடாதை, பிள்ளை. என்னை உயிரோட புதைக்காதை."

தேனுஜா போத்தலை மூடினாள். "வானொலியில இருந்து ஒருத்தி வந்திருக்கிறா. இந்த ஒரு பாட்டுக்காகத்தான் வந்தவ. நான் ஆறு வருசமா மற்றாக்களின்ர மொழியில ஏங்கிக்கொண்டு திரியிறன் அம்மா. எனக்குச் சொந்தமா இருக்கிறது இந்தப் பாட்டு மட்டும்தான்."

"அப்ப நான் வேண்டாமெண்டால்?"

"விட்டிடுவன். சத்தியமா. அதுக்கு முதல் ஒரு பாட்டு இருக்குது. அது முடிய உங்களைப் பாப்பன். ஓமெண்டு தலையாட்டினால் பாடுவன். இல்லாட்டி இல்லை."

இதைவிட அவள் கேட்காமலே பாடியிருக்கலாம். பிறகு குழறலாம், மகளைத் திட்டலாம், சபையில் விழுந்து அழலாம். கத்தியைக் கையில் கொடுத்து நீயே பிடி என்றால் என்ன செய்வது? கமலநாயகி அறையை விட்டு வெளியே வந்தாள். ஆனால் மண்டபத்துக்குப் போகவில்லை. பக்கக் கதவால் இறங்கி, முக்காடு காற்றில் விழ, நேரே வானுக்குப் போனாள்.

"இஞ்சாருங்கோ, வானை எடுங்கோ. வீட்டை போவம்."

உருத்திரமூர்த்தி பேப்பரை இறக்கினார். "முடிஞ்சுதோ?"

"இல்லை."

"அப்ப உம்மட சகோதரியள் ஏழு பேரையும் ஆர் ஏத்துறது? என்ன நடந்தது கமலம்?"

சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாக, "பாட்டில என்ர மீசை வருதோ?" என்றார்.

"வருது."

"நரைச்சதெண்டு சொல்லுறாளோ?"

"டை அடிக்கிறதெண்டு சொல்லுறாள்."

"அது அதைவிட மோசம்."

"உங்களுக்குப் பகிடி. நாளைக்கு எனக்குச் சபை இல்லை. விளங்குதோ? ஒருத்தரும் இல்லை."

அவர் பேப்பரை மடித்தார். ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதர் இல்லை. உள்ளேயிருந்து ட்ரம்ஸ் தொடங்கியது. இரண்டாம் பாதி.

"நீர் இல்லாட்டி பிள்ளை என்னெண்டு எடுப்பாள்?" என்று கேட்டார்.

"இல்லையெண்டுதான் எடுப்பாள். பாடமாட்டாள்."

"அப்ப ஓடிப்போறதும் ஒரு பதில்தான்." அவர் திறப்பை உருவிக்கொண்டு இறங்கினார். "நீர் என்னவும் சொல்லும். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் அவளின்ர முகத்தைப் பாத்துச் சொல்லும். வாரும், மீசைக்காரனும் வாறன்."

அவர்கள் பக்கக் கதவால் நுழைந்தபோது முதற்பாட்டின் கடைசி அடி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கதவு மேடைக்கு அருகில்தான் திறக்கும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. முப்பத்துநாலு பேரின் கண்ணெதிரே, விளக்கு வெளிச்சத்தில், நெற்றியில் மூன்று குறியும் கையில் வான் திறப்புமாக உருத்திரமூர்த்தி வந்து நின்றார்.

"அல்லேலூயா!" என்று முதலில் வீறிட்டது பவளம். "உருத்திரமூர்த்தி அண்ணை உள்ளுக்கு வந்திட்டார்!"

சபை எழும்பியது. இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் மன்றாடிய மன்றாட்டு! கிழவிகள் அழுதார்கள், தம்பூரின் மூன்றும் ஒன்றாகக் குலுங்கின. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஜேர்மன்காரரும் எழும்பித் தட்டினார்கள். பாஸ்ரர் ஓடிவந்து உருத்திரமூர்த்தியின் தலையில் கை வைத்தார். வைத்த வேகத்தில் திருநீற்றில் பாதி அழிந்தது.

"பாஸ்ரர், நான் பாட்டுக் கேக்க வந்தனான்," என்றார் உருத்திரமூர்த்தி. யாருக்கும் கேட்கவில்லை.

பாஸ்ரர் கமலநாயகியின் பக்கம் திரும்பினார். அவருடைய கண்கள் உண்மையாகவே நனைந்திருந்தன. "சிஸ்ரர், உங்கட கண்ணீருக்குப் பலன் வந்திட்டுது. நாளைக்கு முதற் சாட்சி நீங்கள்தான்."

இதோ, தட்டில் வைத்து நீட்டியாகிவிட்டது. எந்தப் பொய்யும் சொல்லத் தேவையில்லை. சும்மா நின்றால் போதும், நாளைக்கு இந்த ஊரில் கமலநாயகியைப் போல ஒரு விசுவாசி இல்லை. மேடையில் பாட்டு முடிந்திருந்தது. தேனுஜா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி தாயைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. புதிதாகக் கருவி பொருத்திய காதுக்கு ஏதும் கேட்கிறதா என்று பார்ப்பவளைப்போலப் பார்த்தாள்.

கமலநாயகிக்கு ஒருபக்கம் பாஸ்ரரின் கை, மறுபக்கம் கணவரின் தோள். அவர் இவளைப் பார்க்கவேயில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓம் என்று தலையை ஆட்டினாள். ஒருமுறைதான். அதற்கே கழுத்து வலித்தது.

தேனுஜா கீபோர்டைத் தானே தொட்டாள். சபையில் ஜெபத்துக்கு முன் ஒலிக்குமே, அதே நீண்ட சுரம். சபை தன் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டது. அவள் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்:

"இஞ்சாருங்கோ…"

எங்கள் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்லமாட்டார்கள். இந்த ஒற்றைச் சொல்லால்தான் குசினியிலிருந்தும் கடைக்குள்ளிருந்தும் ரயிலடியிலிருந்தும் கூப்பிடுவார்கள். நாற்பது வருடமாகப் பழக்கப்பட்ட காதுகள் யோசிக்குமா? மண்டபத்திலிருந்த பதினாலு ஆண்களும் ஒரே குரலில், கண்ணை மூடியபடியே, "என்னப்பா?" என்றார்கள். அதில் பாஸ்ரரும் ஒருவர்.

பாஸ்ரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. தேனுஜாவும் சிரித்துவிட்டு இன்னொருமுறை கூப்பிட, இந்த முறை ஜேர்மன்காரரும் சேர்ந்து "என்னப்பா" என்றார்கள். கமலநாயகி ஒரு கணம், இப்படியே போய்விடும், பிழைத்துவிட்டேன் என்றுகூட நினைத்தாள். பிறகு அடிகள் வந்தன.

"வெள்ளி வந்தால் கதவு சாத்தித்
தோளில் துவாய் போட்டிருத்தி
மீசைக்கு டை அடிப்பா என்ர அம்மா.
ஆடாதேங்கோ, ஆடாதேங்கோ,
சொட்டு விழுந்தால் உதடு கறுக்கும்.
கறுத்தால் என்ன, அதுவும் என்ர உதடுதானே."

முப்பத்துநாலு தலைகள் உருத்திரமூர்த்தியின் பக்கம் திரும்பின. தலைமுடி தும்பைப் பூ, மீசை காகம். அவருக்கு அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. சிரிப்பு நின்றது. தேனுஜாவின் குரல் இறங்கி, கிட்டத்தட்ட பேச்சாகியது.

"ஞாயிறு அழுதது எல்லாருக்கும் கேட்டது.
வெள்ளி சிரிச்சது எனக்கு மட்டும் கேட்டது.
இரண்டையும் சேர்த்துத்தான் நான் பாடப் பழகினேன்."

அதற்குப் பின் சொற்கள் இல்லை, வெறும் ஓசைதான். கெஞ்சலும் கொஞ்சலுமாக ஏறி, பழைய கூரையில் முட்டி, இறங்கி வந்தது. பின்வரிசையில் வானொலிக்காரி எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தாள். சபையில் ஒருவரும் தட்டவில்லை. ஒரு தம்பூரின் நிலத்தில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

மற்ற மூன்று பாட்டுக்கும் அவர்கள் இருந்தார்கள். நம்மவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், இடையில் எழும்பமாட்டார்கள். முடிந்த பிறகு வாகனத் தரிப்பிடத்தில் பாஸ்ரர் கமலநாயகியைத் தனியே கூப்பிட்டார். தனியே என்றால், எல்லாருக்கும் கேட்கிற தூரத்தில்.

"இருவத்திரண்டு வருசம், சிஸ்ரர். உங்கட மனுசனுக்காக எத்தனை பேர் அழுதவை தெரியுமோ? என்ர தாய் சாகக்கிடக்கேக்கையும் அவற்ற பேரைச் சொல்லி ஜெபிச்சவ."

"தெரியும் பாஸ்ரர்." இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கோபத்தை எதிர்பார்த்திருந்தாள். "நான் அழுததும் பொய்யில்லை."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"அதுவும் பொய்யில்லை."

"இரண்டும் உண்மையா இருக்க ஏலாது."

"ஏன் ஏலாது?" என்றாள் கமலநாயகி. கேட்ட பிறகுதான், இவரிடம் இதுவரை தான் எதையும் திருப்பிக் கேட்டதில்லை என்பது ஞாபகம் வந்தது. ஆனால் உபவாசம் என்று சொன்னது பொய், அதை அவள் மறுக்கவில்லை. "உபவாசம் எண்டது பிழைதான். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்."

பாஸ்ரர் நிலத்தைப் பார்த்தார். "ஐக்கியத்தைப் பவளம் சிஸ்ரர் பாக்கட்டும். பாட்டு நடத்துறதையும். நீங்கள் கொஞ்சக் காலம் பின்னால இருங்கோ."

"ஓம்."

தேனுஜா ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். வானொலிக்காரி அடுத்த கிழமையே பதிவு செய்யக் கேட்கிறாளாம். கமலநாயகி தலையைத் தடவி, "வேர்வையோட காத்தில நிக்காதை, உள்ளுக்குப் போ," என்றாள். அதற்கு மேல் அவளிடம் அப்போது ஒன்றுமில்லை.

வானில் வந்த ஏழு பேரில் மூவர் கண்ணைக் காட்டாமல் பாஸ்ரரின் வானில் ஏறிக்கொண்டார்கள். மற்ற மூவர் கொஞ்சம் தயங்கி, மழை துமிக்கத் தொடங்கியதால் இதில் ஏறினார்கள். பிந்தி வந்தது பவளம். நேரே கமலநாயகிக்குப் பின்னால் அமர்ந்து, பட்டியை இழுத்துப் போட்டாள்.

நெடுஞ்சாலை வரும்வரை கண்ணாடித் துடைப்பான் மட்டும் இப்படியும் அப்படியும் போனது. பிறகு பவளம் முன்னால் சாய்ந்தாள்.

"உன்ர இடத்தை எனக்குத் தந்திட்டார், கேட்டனிதானே?"

"கேட்டனான்."

"நான் வேண்டாமெண்டு சொல்லமாட்டன், கமலா. பொய்க்குச் சொன்னாலும் நீ நம்பமாட்டாய். எனக்கு அதில வலு நாளாக் கண்."

"தெரியும் அக்கா."

"கோவமோ?"

"கோவம்தான்."

"ஆரோட? பாட்டுப் பாடினவளோடயோ?"

கமலநாயகி பக்கக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள். பின்னாலிருந்த மூவரும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை," என்றாள். "உங்களோட."

பவளம் "ம்" என்று சாய்ந்துகொண்டாள். உருத்திரமூர்த்தி கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, ஒரு லொறியை மெதுவாக முந்தினார்.